படகு ஓடாத நாளுக்கு எந்த வாள்?

 

மாரி தொடங்க முன்னம் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டுக்கு மெசின் வாள் வாங்கும் யோசனையில் இருப்பவர்களாவது கடைசி வரை வாசியுங்கள்.

முன்பு செயின் சோ என்றால் மரக்காலைக்காரரிடமும் கூலிக்கு மரம் வெட்டுபவரிடமும் மட்டும் இருந்த சாமான். இப்போது தீவுப் பகுதியில் சாதாரண வீடுகளிலும் காண்கிறோம். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ லீவில் வரும் உறவினர் வாங்கித் தந்துவிட்டுப் போகிறார். இல்லாவிட்டால் போனில் விளம்பரம் பார்த்து ஓடர் போடுகிறோம். பெட்டியைத் திறந்தால் கைநூல் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது சீன மொழியில் இருக்கும். "சேர், இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று பள்ளிக்கூட வாத்திமாரிடம் வருவார்கள். அப்படி வாசித்துச் சொன்னவற்றையும், பாவித்துப் பார்த்து விளங்கிக்கொண்டவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தீவில் இருப்பவர் வாளின் அளவை மரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் வாளை எப்போது வெளியே எடுக்கிறோம்? வேப்பங்கிளை கூரையில் விழுந்தால், பூவரசு முறிந்து ஒழுங்கையை மறித்தால், முருங்கை வயரில் சாய்ந்தால் எடுக்கிறோம். இதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நடப்பவை. 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் பெங்கல், 2025 நவம்பரில் டித்வா என்று நமக்கு நினைவிலுள்ள புயல்கள் எல்லாம் அந்த மாதங்களில்தான் வந்தன. அதே நாட்களில்தான் கடல் கொந்தளித்து, குறிகட்டுவானுக்குப் படகு இல்லை என்று அறிவிப்பும் வரும். ஆக, வாளைத் தூக்கும் நாளும் படகு ஓடாத நாளும் பெரும்பாலும் ஒரே நாள்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தொடையில் செயின் ஏறினால் சத்திரசிகிச்சை வேண்டும், இரத்தம் வேண்டும். அதற்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். நெடுந்தீவிலிருந்து கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், பிறகு குறிகட்டுவானிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டித் தரைவழி. நல்ல நாளிலேயே இவ்வளவு நேரம். தொடையின் பெரிய நாடி அறுந்தால் மனிதருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கில் ஓடுகிறது, நல்ல சேவை. ஆனால் அம்புலன்ஸ் கடலில் ஓடாது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆட்களுக்குத் தரைவழி இருக்கிறது, அது பெரிய ஆறுதல். என்றாலும் வெள்ளம் நிற்கும் நாளில் அந்த வழியும் சுருக்கமாக இராது.

இதை மனதில் வைத்துக்கொண்டு வாளைப் பார்ப்போம்.

எங்கள் வளவுகளில் உண்மையில் வெட்டுவது எதை? வேலிக் கதியால்: கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை. முருங்கைக் கொப்பு, வேப்பங்கிளை, காய்ந்த விறகு. இவற்றில் பெரும்பாலானவை கை மணிக்கட்டு அளவு மொத்தம், கூடினால் தொடை அளவு. இந்த வேலையின் முக்கால்வாசிக்கு நல்ல வளைந்த கைவாள் ஒன்றும், நீளத் தடியில் பூட்டிய கொக்கைச் சத்தகமும் போதும். கைவாளில் பெற்றோல் இல்லை, சத்தம் இல்லை, கைதவறி வெட்டினாலும் தையலோடு போய்விடும். ஆகவே முதல் ஆலோசனை: மெசின் வாள் வாங்கப் போகிறவர் முதலில் நல்ல கைவாள் ஒன்று வாங்கி ஒரு வருடம் பாவித்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு மெசின் தேவைப்படாது.

அதற்கும் மேலே தேவை உள்ளவர்களுக்கு மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, வயர் பூட்டும் மின்சார வாள். விலை குறைவு, பாரம் குறைவு. ஆனால் 1800, 2000 வாட் இழுக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாத தீவுகள். டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியே இவ்வளவு காலமும் போனது. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது நல்ல விடயம். என்றாலும் எந்தத் திட்டம் வந்தாலும் மரம் வயரில் விழுந்த அன்றைக்கு மின்சாரம் இருக்காது. மழை ஈரத்தில் நீட்டு வயரை இழுத்துக்கொண்டு திரிவதும் ஆபத்து. விறகு தறிக்க வீட்டு முற்றத்தில் பாவிக்கலாம், புயலுக்கு இது உதவாது.

இரண்டாவது, பற்றரி வாள். இதில் இரண்டு இனம் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. 4 அங்குலம், 6 அங்குலம் என்று ஒரு கையால் பிடிக்கும் மினி வாள்தான் இப்போது விளம்பரத்தில் அதிகம் வருகிறது. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், அதுதான் அதன் ஆபத்து. ஒரு கையில் வாள், மற்றக் கையில் கொப்பு. வாள் வழுக்கினால் நேரே மற்றக் கைவிரலுக்கு வரும். மலிவானவை பலவற்றில் செயினை நிறுத்தும் பிறேக்கும் இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மேசையில் போட்டு வைப்பதை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. மற்ற இனம் 10 அல்லது 12 அங்குலத் தகடு உள்ள, இரண்டு கையாலும் பிடிக்கும், முன்கைக் காப்போடு செயின் பிறேக் உள்ள வாள். வருடத்தில் நாலைந்து தரம் மட்டும் பாவிக்கும் வீட்டுக்கு இதுதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். பெற்றோல் வைத்திருக்கத் தேவையில்லை, கயிறு இழுத்து இழுத்துக் களைக்கத் தேவையில்லை, விசையை விட்டவுடன் நிற்கும். புயல் அறிவிப்பு வந்தவுடன் பற்றரியைச் சார்ஜ் பண்ணி வைத்தால் போதும்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு சொல். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற். இங்கே 230. அங்கே வாங்கிய வயர் வாளையோ பற்றரிச் சார்ஜரையோ இங்கே குத்தினால் அன்றைக்கே புகைந்துவிடும். அன்போடு சுமந்துகொண்டு வந்தது குப்பைக்குப் போகும். வாங்க முன்னம் சார்ஜரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, பெற்றோல் வாள். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் 58 சிசி, 20 அல்லது 22 அங்குலத் தகடு என்று பெரிய வாள் ஒன்று மலிவாகத் தொங்கும். பக்கத்தில் 30 சிசி, 12 அல்லது 14 அங்குலத்தில் சிறிய வாள் ஒன்று, சில வேளை அதைவிட விலை கூட. "விலை குறைவு, பெலம் கூட, பெரிசையே எடுப்பம்" என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் பெரிய வாள் தகடும் எண்ணெயும் சேர 7 கிலோ அளவில் வரும். சிறியது எஞ்சின் மட்டும் 4 கிலோ அளவு. உதாரணத்துக்கு, வீட்டுப் பாவனைக்கென்று ஸ்டில் கம்பனி செய்யும் எம்.எஸ். 170 மொடல் 30.1 சிசி. இந்த அளவு போதும் என்பதற்காகத்தான் சொல்கிறோம், இந்த மார்க்கையே வாங்குங்கள் என்பதற்காக அல்ல. அரை மணித்தியாலம் 7 கிலோவைக் குனிந்து பிடித்தவரின் கை நடுங்கும். நடுங்கும் கையில் ஓடும் செயினைக் கொடுப்பது சரியா?

இன்னொரு விடயம், எகிறுதல். தகட்டு நுனியின் மேல் பாதி ஒரு கொப்பிலோ மண்ணிலோ பட்டால் வாள் கண் இமைக்கும் நேரத்தில் மேலே, முகத்துக்கும் கழுத்துக்கும் நேராக எகிறும். அனுபவம் உள்ளவரையும் அது விடாது. எஞ்சின் பெலம் கூடக்கூட எகிறும் வேகமும் கூடும். ஆகவே எந்த வாளானாலும் வாங்க முன்னம் கடையிலேயே இவற்றைப் பாருங்கள்: முன்கைக் காப்பை முன்னே தள்ளினால் செயின் இறுகுகிறதா? பின்பிடியில் உள்ள பூட்டை அழுத்தாமல் விசை இழுபடுகிறதா? இழுபடக் கூடாது. செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி கீழே இருக்கிறதா? எகிறலைக் குறைக்கும் செயினா? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் செயினும் உதிரிப்பாகமும் கிடைக்காத மார்க்கையும் வாங்காதீர்கள்.

12 அங்குலத்தால் பெரிய மரம் வெட்ட முடியாதே என்று கேட்பீர்கள். கீழே கிடக்கும் 10 அங்குல மொத்தத்தை ஒரே வெட்டில் அது தறிக்கும். அதைவிட மொத்தத்தை இரண்டு பக்கத்தாலும் வெட்டலாம். அதற்கும் மேலே போனால் அது வீட்டு வேலை அல்ல, தொழில் தெரிந்தவரின் வேலை. சிறிய வாள் "இது உன் வேலை இல்லை" என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறது. பெரிய வாள் அதைச் சொல்லாது.

பனை, தென்னை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனையின் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோற்றி. கறுத்த நார் செயின் பல்லை மழுக்கி, இடுக்குகளில் அடைக்கும். சிறிய வாளுக்கு அது ஏற்றதல்ல. அதோடு சட்டமும் இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போர்க் காலத்தில் பங்கருக்கென்று தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை என்று எங்களுக்குப் பின்வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. மிஞ்சி நிற்பதை நாங்கள் மெசின் இருக்கிறது என்பதற்காகத் தறிக்கக் கூடாது.

பழைய மரங்களில் இன்னொரு ஆபத்து. வேலி மரத்துக்குள் முட்கம்பியும் ஆணியும் ஊறிப் போயிருக்கும். சண்டை நடந்த காணிகளில் நின்ற மரத்துக்குள் சன்னமோ இரும்புத் துண்டோ இருக்கக்கூடும். ஓடும் செயின் இரும்பில் பட்டால் பல் போகும், செயினும் அறுந்து பறக்கலாம். சந்தேகமான மரத்தைக் கைவாளால் தறியுங்கள், அல்லது வேறு இடத்தில் தறியுங்கள்.

வாளுக்கும் பதிவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2019 தொடக்கத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலத்தில், மெசின் வாள் வைத்திருப்பவர்கள் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள், இறக்குமதியையும் கட்டுப்படுத்தினார்கள். ஆகவே புதிதாக வாங்குபவர் பில்லோடு வாங்குங்கள், பொலிஸ் நிலையத்தில் இப்போதைய நடைமுறையைக் கேட்டுப் பதியுங்கள். பழைய வாள் வாங்குபவர் பதிவுக் கடதாசி இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். களவு போன வாளாகவும் இருக்கலாம்.

இனி எண்ணெய். பெற்றோல் வாளுக்கு டூ ஸ்ட்ரோக் ஒயில் கலக்க வேண்டும். கைநூலில் 50க்கு 1 என்று இருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. கண்மட்டத்தில் ஊற்றினால் எஞ்சின் இறுகும். கலந்த பெற்றோலை மாதக்கணக்கில் தாங்கியில் விட்டால் காபரேற்றர் பிசினாகிவிடும். அடுத்த புயலன்று கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் வராது. வேலை முடிந்தவுடன் தாங்கியை வெறுமையாக்கி, மிச்சம் ஓடி முடியும் வரை ஓடவிட்டு வையுங்கள். எங்கள் உப்புக்காற்றில் செயின் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வையுங்கள்.

செயினுக்கு ஊற்ற, கராச்சிலிருந்து கழிவு ஒயில் கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாள் ஓடும்போது அந்த ஒயில் முழுவதும் தெறித்து மண்ணுக்குத்தான் போகும். எங்கள் தீவுகள் சுண்ணாம்புக் கல். கீழே உப்புத் தண்ணீர், அதற்கு மேலே மெல்லிய படையாக நிற்கும் நல்ல தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் மேலே ஊற்றுவது கீழே போகும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து அந்தச் சனம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. குடிதண்ணீருக்குப் பவுசரையும் படகையும் பார்த்திருக்கும் நாங்கள் இருக்கிற நல்ல தண்ணீரையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் அமானிதம்.

பாதுகாப்புக்கு வருவோம். வாளுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை உடுப்புக்கும் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் வாளையே தள்ளிப் போடுங்கள். முகமூடித் தட்டோடு தலைக்கவசம், காது மூடி, கையுறை, கணுக்கால் மூடிய சப்பாத்து, செயினைச் சிக்க வைத்து நிறுத்தும் கால்மறைப்பு. சாரத்தோடும் பாட்டாச் செருப்போடும் வாள் பிடிக்கும் காட்சியை இனிமேல் காணக் கூடாது. சாரம் செயினில் சுற்றினால் என்ன நடக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஏணியில் ஏறி வெட்டாதீர்கள். தோளுக்கு மேலே வாளைத் தூக்காதீர்கள். வயரில் சாய்ந்த கொப்பைத் தொடாதீர்கள், மின்சாரப் பகுதியினருக்கு அறிவியுங்கள். தனியே வெட்டாதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் போனும், இறுக்கிக் கட்ட அகலமான துணியும் இருக்கட்டும். செயின் தூளாகத் துப்பினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், சீவலாக வர வேண்டும். மழுங்கிய வாளை அழுத்தி வெட்டும்போதுதான் பல விபத்து நடக்கிறது. சிறிய வாள்களில் பெரும்பாலும் பூட்டியிருக்கும் செயினுக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரம் போதும். தீட்டப் பழகாதவர் வாள் வாங்குவதில் பயனில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கள் மனதில் உள்ள கடைசி விடயம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாள் ஏன்? வருடத்தில் 360 நாள் சும்மா தொங்கித் துருப்பிடிக்கும் சாமானுக்கு ஒரு ஒழுங்கையில் பத்து வீடு ஏன் காசு கொட்ட வேண்டும்? கூலிக்கு வெட்டுபவரைக் கூப்பிட்டால் படகுக் காசும் கொடுக்க வேண்டும், சொன்ன நாளுக்கு வரமாட்டார், அதனால்தான் சொந்தமாக வாங்க நினைக்கிறோம் என்பது எங்களுக்கும் விளங்கும். அதற்கு வழி, ஊருக்கு ஒரு நல்ல வாள். கிராம அபிவிருத்திச் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கோயில் பரிபாலன சபையோ பொறுப்பெடுக்கலாம். 14 அங்குலத்தில் ஒரு பெற்றோல் வாள், உடுப்பு இரண்டு சோடி, ஒரு கொப்பி. பழக்கப்பட்ட இரண்டு தம்பிமார் மட்டுமே அதைத் தொடலாம். அவர்களுக்கு ஒரு கூலி. நயினாதீவில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. புயல் எந்த வளவு மரம் என்று பார்த்து முறிப்பதில்லை. வாளும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

"பொதுச் சாமான் கெட்டுப் போகும், பொறுப்பெடுக்க ஆள் இல்லை" என்று சொல்வார்கள். அது உண்மைதான், எத்தனையோ பொதுச் சாமான் அப்படிப் போயிருக்கிறது. ஆனால் எல்லாரும் எடுக்கலாம் என்று வைத்தவைதான் அப்படிக் கெட்டன. இரண்டு பேர் கையில் மட்டும் இருந்து, கொப்பியில் எழுதி, கூலியும் கொடுத்தால் அது தொழில் மாதிரி நடக்கும். முடியாது என்று விடுவதற்கு முன்னம் ஒரு மாரிக்குச் செய்து பார்ப்போம்.

முக்கியமாக, ஆவணி புரட்டாசியிலேயே ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் காய்ந்த கொப்பு, கூரைக்கு மேலே சாய்ந்த கிளை எல்லாவற்றையும் இறக்கிவிட்டால், கார்த்திகையில் காற்றுக்குள் நின்று வாள் பிடிக்க வேண்டிய தேவையே குறையும். அப்போது படகும் ஓடும், வெளிச்சமும் இருக்கும், ஆளும் கிடைக்கும். தறித்த கதியாலை வீசாமல் வேலி அடைக்கப் பக்கத்து வளவுக்குக் கொடுங்கள், ஒரு மரம் தறித்தால் இரண்டு நடுங்கள்.

உங்கள் ஒழுங்கையில் வாள் பழகியவர் யார், பொறுப்பெடுக்கத் தயாரான சங்கம் எது என்று கீழே எழுதுங்கள். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தோடு இதைக் கதைக்க இருக்கிறோம். கோயில் பக்கத்து அண்ணைமாரும் அங்கே ஒருக்காக் கதைத்துப் பாருங்கள். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.